ஷாக் அப்சார்பர் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் உள்ள பழைய பி.எம்.டபிள்யூ இ46 செடானில் பின்புற ஷாக் அப்சார்பர் ஒன்று எண்ணெய் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஒன்றை மட்டும் மாற்றுவது உசிதமன்று. வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்கின் தர்மம். மேடுபள்ளத்தில் அது எழுந்தாடும் ஆட்டத்தை, தன்னுள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே நெருக்கி உஷ்ணமாக்கி அடக்குவது ஷாக்கின் கடமை. ஆகையால் ஒருபுறம் புதியதும் மறுபுறம் நலிந்ததுமாக இருப்பின், வளைவிலும் பிரேக் பிடிக்கையிலும் இரு சக்கரங்களும் ஒரே விதமாகத் தரையைப் பற்றமாட்டா.

ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைத் துடைத்துப் பாருங்கள்; பூச்சு உரிந்து துரு குழிகுழியாக அரித்திருந்தாலோ, நுனி முறிந்திருந்தாலோ, சமதரையில் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றாலோ, தயக்கமின்றி அவற்றையும் ஜோடியாகவே மாற்றிவிடுங்கள். பின்புறம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியே அமைந்திருப்பதால் வேலை சுலபம். முன்புறமோ இரண்டும் ஒரே ஸ்ட்ரட்டாக இணைந்திருப்பதால், தக்க கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றுவது பிராணாபாயம்.

மேல் மவுண்ட்டையும் பம்ப் ஸ்டாப்பையும் உடன் புதுப்பியுங்கள். ஷாக்கின் அடி போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியுமாதலால், வண்டியின் பாரம் சக்கரங்களின்மீது இறங்கிய பின்னரே இறுதியாக முடுக்கச் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் மாற்றியிருந்தால், கடைசியில் வீல் அலைன்மென்ட் அவசியம். அதனைத் தவிர்த்தால் டயர்கள் ஓரம் தேய்ந்து வீணாகலாம்.