பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்களுக்கு



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடித்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த வயதான தம்பதியர் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். ஜூன் மாதம் அமெரிக்கா போகிறார்களாம். மகன் அரிசோனா மாநிலத்தில் வேலையாயிருக்கிறான். அங்கே கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு இறங்கி, அடியில் ஓடும் ஆற்றைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஏறி வருவதாக ஏற்பாடு. பிரயாணத்துக்கு ஆசீர்வாதம் கேட்டார்கள். “அங்கே வெயில் கடுமையாயிற்றே” என்றேன். “வெயில் நமக்குப் புதுசா சாமி? வேளாங்கண்ணிக்கு எத்தனை தடவை நடந்திருக்கோம்!” என்றார் பெரியவர்.

ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் 2017-ஆம் ஆண்டு அதே பள்ளத்தாக்கில் நானும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் இறங்கினேன். நம் பங்கில் பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் இன்னும் சில உண்டு. ஆகையால் இந்த வாரப் பாடம் அவர்களுக்காக. மற்றவர்களும் வாசியுங்கள், நஷ்டமில்லை.

முதலாவது, இடத்தை அறிந்துகொள்ளுங்கள். கொலராடோ என்னும் ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளம் இது. நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் ஒரு மைலுக்கு மேல். தென் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர், அதாவது நம் கொடைக்கானல் உயரம். ஆறோ சுமார் 750 மீட்டரில் ஓடுகிறது. மலை ஏறுகிறவன் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். பழனி மலையிலும் சரி, வேறெந்த மலையிலும் சரி, கஷ்டமான பாதி முதலில் வருகிறது. அங்கேயே உடம்பு நம்மை எச்சரித்துவிடுகிறது. பள்ளத்தாக்கில் அப்படியல்ல. குளிர்ந்த காலையில், புதுத் தெம்போடு, சிரமமில்லாமல் இறங்குகிறோம். கால் ஓய்ந்து, வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஏறத் தொடங்குகிறோம். இறங்க ஒரு மணி நேரமானால் ஏற இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வரும்போது நாம் ஏற்கெனவே அடியில் இருக்கிறோம். நான் சொல்லப்போகும் சகல ஆயத்தங்களும் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறக்கிறவை.

கண்ணும் அங்கே ஏமாற்றும். 1540-ஆம் ஆண்டு கார்தெனாஸ் என்னும் ஸ்பானியத் தலைவன் சில வீரர்களோடு இதன் விளிம்புக்கு வந்தான். மேலிருந்து பார்க்க ஆறு ஓர் ஓடைபோலத் தெரிந்தது. மூன்று பேர் சுறுசுறுப்பாய் இறங்கினார்கள். மாலை நாலு மணியளவில் திரும்பி வந்து, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறங்க முடிந்தது என்றார்கள். மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள், கிட்டப் போனால் செவில்லா நகரத்து மாதா கோவில் கோபுரத்தைவிட உயரமாயிருந்தனவாம். தண்ணீர் கிடைக்காததால் அந்தக் கூட்டம் வந்த வழியே போய்விட்டது. நம் கண்ணும் அந்த வீரர்களின் கண்தான்.

இனி வெயிலைப்பற்றி. ஜூலை மாதத்தில் தென் விளிம்பில் பகல் உஷ்ணம் சராசரி 29 டிகிரி, இதமாய் இருக்கும். அதே நாள் அடியில் 41 டிகிரி. அதுவும் நிழலில் அளந்த கணக்கு. வெயிலில் நிற்கிற மனிதனுக்கு இன்னும் அதிகம். பாறையும் சூட்டை வாங்கி வாங்கி நம்மேல் வீசும். சூட்டுக்குப் பழகிய உடம்புக்கு ஓரளவு அனுகூலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மகன் வீட்டில் மூன்று வாரம் குளிர்சாதன அறையில் இருந்தால் அந்தப் பழக்கமும் குறைந்துபோகும். மேலும் நம் கடற்கரை ஊர்களில் வியர்வை சொட்டச் சொட்ட வழிகிறது. அதைப் பார்த்தே தண்ணீர் குடிக்கிறோம். பாலைவனக் காற்றோ வியர்வை வந்த கணமே உறிஞ்சிவிடுகிறது. சட்டை காய்ந்திருக்கும், முகத்தில் உப்பு மட்டும் பூத்திருக்கும். ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று அங்கே சொல்கிறவர் மிகவும் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டியவர்.

வேளாங்கண்ணிப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் உண்டு, தேநீர்க் கடை உண்டு, முடியாவிட்டால் கைகாட்ட பஸ் உண்டு. இந்தப் பள்ளத்தாக்குப் பாதையில் கைப்பேசிக்கும் பெரும்பாலும் தொடர்பு கிடைக்காது.

இப்போது என் கதை. அந்த ஆண்டு அரிசோனாவில் ஒரு பங்கில் இரண்டு மாதம் உதவிக்குப் போயிருந்தேன். மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பங்கு வாலிபர் இருவரோடு பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினேன். ஒளிவீசும் சம்மனசு என்று அர்த்தம். 1869-ல் இந்த ஆற்றில் படகோட்டிய பவல் என்பவர் அங்குள்ள தெளிந்த ஓடைக்கு இட்ட பெயர். காலைப் பூசையும் பலகாரமும் முடித்து, காரில் வந்து சேர்ந்து, பாதையில் கால் வைத்தபோது மணி ஒன்பதரை. அதுவே முதல் பிழை. 4.8 கிலோமீட்டரில் உள்ள இளைப்பாறும் மண்டபம் வரை போய்த் திரும்புவது என்று பேசியிருந்தோம். மண்டபத்துக்கு வந்தோம், உடம்பில் ஒரு களைப்புமில்லை. கீழே பச்சை மரங்கள் தெரிந்தன. ‘இதோ, இவ்வளவு தூரந்தானே’ என்று முதலில் சொன்னது வாலிபர் அல்ல, நான்தான். அந்தத் தோப்புக்கு அப்போது இந்தியன் கார்டன் என்று பெயர். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஹவசுபாய் மக்களின் நினைவாக 2022-ல் ஹவசுபாய் கார்டன்ஸ் என்று மாற்றினார்கள். விளிம்பிலிருந்து 7.2 கிலோமீட்டர் தூரம், 930 மீட்டர் இறக்கம். பன்னிரண்டரை மணிக்கு அங்கிருந்து ஏறத் தொடங்கினோம்.

குழாய் கண்ட இடமெல்லாம் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். சாப்பாட்டை நினைத்தாலே குமட்டியது; ஒரு கடலைகூட வாயில் போடவில்லை. யாக்கோபின் ஏணி என்று ஒரு செங்குத்தான வளைவுப் பாதை அங்கே உண்டு. பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கியவன், திரும்பி ஏறும்போது அதன் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். தலைவலி, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியதுபோல ஓர் உணர்வு. கூட வந்த பிள்ளை இன்னும் தண்ணீர் குடிக்கச் சொன்னான். நல்லவேளையாக ரோந்து வந்த பூங்காக் காவலர் ஒரு பெண்மணி, முதலில் கேட்ட கேள்வி, “என்ன சாப்பிட்டீர்கள்?” என்பது. தண்ணீரை நிறுத்தச் சொல்லி, உப்பு பிஸ்கோத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவைத்து, சட்டையை நனைத்து, நிழலில் ஐந்து மணிவரை உட்காரவைத்தார். விளிம்பை எட்டியபோது இரவு ஒன்பது. எங்களிடம் டார்ச் லைட் கிடையாது. நாற்பது வயதை நெருங்கிய குருவானவர், இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பேற்று அழைத்துப் போனவர், கைப்பேசி வெளிச்சத்தில் பாறை ஓரத்தைத் தடவிக்கொண்டு நடந்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் மேலே காத்திருந்தார்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகையால் உப்பு விஷயத்தை நன்றாய் மனதில் வையுங்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உள்ள உப்பு நீர்த்துவிடும். குமட்டல், தலைவலி, புத்தித் தடுமாற்றம், முற்றினால் வலிப்பும் மரணமும் உண்டு. தண்ணீர் போதாமையாலும் குமட்டலும் தலைவலியும் வருகிறபடியால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். தாகத்தைக் கவனித்து அடிக்கடி சிறுகச் சிறுகக் குடியுங்கள். ஒவ்வொரு தடவையும் கூடவே உப்புள்ள ஏதாவது தின்னுங்கள். முறுக்கு, உப்புக்கடலை, ஊறுகாய் தடவிய சப்பாத்தி எல்லாம் உத்தமம். மருந்துக்கடையில் வயிற்றுப்போக்குக்கு வாங்குகிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலு கையில் இருக்கட்டும். சிறுநீர் இளமஞ்சளாய் இருந்தால் சரி. அடர்ந்த நிறமானால் நீர் போதாது. நிறமே இல்லாமல் அடிக்கடி போனால் தண்ணீரைக் குறைத்துச் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

கூட வருகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, வழக்கத்துக்கு மாறாய்க் கோபித்தாலோ அது வெப்ப மயக்கத்தின் அறிகுறியாகலாம். வியர்வை இருக்கிறதே என்று அசட்டையாய் விடாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுதும் நனைத்து, விடாமல் விசிறுங்கள். ஒருவர் உதவிக்கு ஓடட்டும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் தலையில் ஊற்றவும் உரியதுதான்.

பாதையிலுள்ள குழாய்களை நம்பி வெறும் போத்தலோடு போகாதீர்கள். வட விளிம்புப் பக்கத்திலிருந்து நீர் கொண்டுவரும் பழைய குழாய் பலமுறை உடைந்திருக்கிறது. அன்று எந்தக் குழாயில் நீர் வருகிறதென்று காலையில் பூங்கா அலுவலகத்தில் விசாரியுங்கள். சவுத் கைபாப் என்னும் மற்றப் பாதையில் தண்ணீரே கிடையாது, நிழலும் அருமை. கோடையில் அதில் 2.4 கிலோமீட்டரில் உள்ள சீடார் ரிட்ஜோடு திரும்பும்படி பூங்காவினரே சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்லும் வேறிரண்டு விதிகள்: காலை பத்து முதல் மாலை நாலு வரை வெயிலில் நடக்காதே, ஆறுவரை போய் ஒரே நாளில் திரும்ப முயலாதே. ஆற்றைப் பார்த்தே தீரவேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அடியில் இரவு தங்கி, மறுநாள் விடியுமுன் ஏறத் தொடங்க வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் ஆற்றில் இறங்கிக் குளிக்க ஆசைப்படாதீர்கள். மேலே 1963 முதல் நீரைத் தேக்கும் கிளென் கேன்யன் அணையின் அடியிலிருந்து வருவதால், 41 டிகிரி வெயிலிலும் அது நடுக்கும் குளிர், இழுப்பும் பலமானது. ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை இடிமழைக் காலம். தலைக்குமேல் வானம் நீலமாயிருக்க, எங்கோ பெய்த மழை ஓடையில் திடீர் வெள்ளமாய் வரும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. இரண்டு மாதம் முன்பிருந்தே படிக்கட்டு ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பழகுங்கள், தொடை நோவது அதில்தான். செருப்பு உதவாது, பழகிய ஷூ வேண்டும். கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் நுனி இடித்துக் கறுத்துவிடும். அகலமான தொப்பி, வெளிர் நிறத்தில் தளர்ந்த பருத்திச் சட்டை. கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் விளிம்புப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரோரம் அசையாமல் நில்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவுகட்டி ஒரு சீட்டில் எழுதுங்கள். அதைக் குழுவில் மிகவும் மெதுவாய் நடப்பவர் கையில் கொடுங்கள். அவர் சொல்லே சொல். ‘இன்னும் கொஞ்சம்’ என்கிற வார்த்தை உற்சாகமானவர் வாயிலிருந்துதான் வரும், நான் சொன்னதுபோல.

பெரியவரே, உங்களுக்குத் தனியாக: இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அறிவேன். அவற்றில் சில சிறுநீரைக் கூட்டி உடம்பை வற்றவைக்கும். டாக்டரிடம் இடத்தையும் உஷ்ணத்தையும் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மகனுக்கு எழுதுங்கள்: அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் முதல் சுரங்க வாயில்வரை இறங்கித் திரும்புவார்கள், பிறகு விளிம்பில் நிழலில் இருப்பார்கள் என்று. மாலை வெயில் சாயும்போது பாறைகள் நிறம் மாறுவதை அங்கிருந்தே பார்க்கலாம். நான் அன்றைக்கு அதைத் தவறவிட்டேன். புறப்படுவதற்கு முந்தின வாரம் பங்குமனைக்கு வாருங்கள். என் தொப்பியும், அதன்பின் வாங்கிய டார்ச் லைட்டும் அலமாரியில் சும்மாதான் இருக்கின்றன.