மீதி 90 வால்வுகள்

ஜோகுபாளையம்,
பெங்களூர்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. கடையில் கூட்டம் ஓய்ந்த நேரமெல்லாம் எடுத்து எடுத்துப் படித்தேன். உடனே பதில் போட முடியவில்லை. ஏனென்றால் என் பேச்சையே எனக்கு எதிரில் சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள். அலசூர் ஏரிக்கரைக் கூட்டத்தில் குறளின் வாய்மை அதிகாரத்தைப் பற்றி நான் பேசிய அன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவர் விதிவிலக்கு தருகிறார் என்று அன்று சொன்னவன் நான்தான். அதைப் பிடித்துக்கொண்டு, “அப்படியானால் நான் கையெழுத்துப் போடலாம்தானே அண்ணா?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். பெயர் இல்லாமல் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதலாம் என்று அனுமதியும் தந்தீர்கள். நன்றி. இந்தக் கேள்வியோடு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

படிக்கிற மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பீன்யாவில் வால்வு செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் டெஸ்ட் பெஞ்ச் உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு வால்வையும் பெஞ்சில் இறுக்கி, தண்ணீர் நிரப்பி, அது வேலை செய்யவேண்டிய அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா, பாடியில் எங்காவது வேர்த்தாற்போல் நீர் துளிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டிக் கழற்ற எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 8 நிமிஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர் 120. வெள்ளிக்கிழமை லோடு ஏற்ற வேண்டும். 30 பார்த்தீர்கள், ஒன்றுகூடக் கசியவில்லை. மீதி 90க்கும் பார்த்ததாக எழுதி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேனேஜர். அவர் மோசமானவர் இல்லை. உங்கள் அம்மாவின் ஆபரேஷனுக்கு முதலாளியிடம் பேசி முன்பணம் வாங்கிக் கொடுத்தவர். ஆர்டர் கைவிட்டுப் போனால் 22 பேருக்குச் சம்பளம் இழுக்கும். ஒரு பக்கம் சின்னப் பொய், இன்னொரு பக்கம் 22 வீடு. இதுதான் உங்கள் தராசு.

நேற்று சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, உங்கள் கடிதத்தோடு அலசூர் ஏரிக்கரைக்குப் போய் வள்ளுவர் சிலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிலை 1991ல் வைத்தது. மொழிச் சச்சரவில் 18 வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. எங்கள் பேட்டைத் தமிழர்களுக்கு அந்த வாரம் மறக்காது. அங்கே உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் பேச்சில் இருந்த ஓட்டை தெரிந்தது. அந்தக் குறள் எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பரிமேலழகர் வகுத்தபடி வாய்மை 30ஆம் அதிகாரம், துறவறவியலில் வருகிறது. பொய்க்கு விலக்குக் கிடைக்கும் இடம் துறவியைப் பற்றிப் பேசும் பகுதி. சம்பளம், ஆர்டர், முன்பணம் எதுவும் இல்லாதவன் அவன். பொய் சொல்வதால் அவன் மடியில் ஒரு காசும் விழாது. அப்படிப்பட்டவன், ஓடி வந்து ஒளிந்த உயிரைக் காக்க ஒரு பொய் சொன்னால் அதை நம்பலாம். உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு வள்ளுவர் தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். வினைத்தூய்மை, 66ஆவது, பொருட்பாலில் அமைச்சியலில். அங்கே விலக்கே கிடையாது. பெற்ற தாய் பசியோடு இருப்பதைக் கண்ணால் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். உங்கள் கடிதத்தில் அம்மா வந்த வரியைப் படித்தபோது எனக்கு இந்தக் குறள்தான் நெஞ்சில் வந்து நின்றது, தம்பி. வள்ளுவருக்கும் அம்மாவின் கஷ்டம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தே அப்படி எழுதினார்.

இயல் பிரிப்பு உரைகாரர்கள் செய்தது, வள்ளுவர் மனதில் இது இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குறளை வாசித்த தலைமுறைகள் எப்படிப் புரிந்துகொண்டன என்பதற்கு அதுவே சாட்சி. நன்மை தீமைக் கணக்கைப் போட்டு விதியை மீறும் உரிமை, அந்தக் கணக்கில் லாபம் இல்லாதவனுக்கு மட்டுமே.

விளைவை வைத்தே எதையும் தீர்மானிக்க வேண்டும் என்று சொன்ன ஜான் ஸ்டூவர்ட் மில்லும் இந்த இடத்தில் கறார்தான். 1863ல் அவர் புத்தகமாக வெளியிட்ட பயன்வாதக் கட்டுரையில், தன் சுகத்தையும் பிறர் சுகத்தையும் ஒட்டுறவில்லாத ஒரு பார்வையாளனைப்போல ஒரே படியால் அளக்க வேண்டும் என்கிறார். உங்கள் கணக்கை அந்தப் படியால் அளந்து பாருங்கள். 22 குடும்பத்தை எழுதினீர்கள். அந்த 90 வால்வுகளும் எங்கே போகின்றன? நீராவி லைனிலா, ஆசிட் லைனிலா? அதன் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் திருப்பப்போகிற ஆள் யார்? அவர் வீட்டில் எத்தனை பேர்? உங்கள் கடிதத்தில் அவர் இல்லவே இல்லை. உங்கள் மனசு கல் என்று நான் சொல்லவில்லை. மேனேஜரின் முகம் எதிரில் இருக்கிறது, அந்த மனிதரின் முகம் எங்கேயோ இருக்கிறது. கண்ணில் படாதவர்களைக் கூட்டலில் விட்டுவிடுவோம் என்பதால்தான் டெஸ்ட் பெஞ்சும் ரிஜிஸ்டரும் வந்தன.

உங்களைப்போலச் சோதனை பார்க்கும் வேலையில் இருந்த ஒருவரைச் சொல்கிறேன். இங்கிருந்து கிழக்கே 100 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். அந்த ஊர்ப் பிள்ளை மஞ்சுநாத் சண்முகத்தை உங்கள் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. மைசூரில் இன்ஜினியரிங், லக்னோ ஐஐஎம்மில் மேல்படிப்பு. அங்கே பாட்டுக் குழுவில் பாடியவர். இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனில் சேல்ஸ் ஆபீசராகச் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கீரிக்குப் போனார். அப்போது ரேஷன் மண்ணெண்ணெய் மலிவு, டீசல் விலை அதிகம். ஒன்றில் ஒன்றைக் கலந்தால் கொள்ளை லாபம். பெட்ரோல் பங்க்குகளில் சாம்பிள் எடுத்தார், கலப்படம் கண்ட இடத்தில் சீல் வைத்தார். சீல் வைத்த பங்க் மறுபடி திறந்தபின் 2005 நவம்பர் 19ஆம் தேதி திடீர்ச் சோதனைக்குப் போனார். அன்றிரவு சுட்டுக் கொன்றார்கள். வயது 27. முக்கியக் குற்றவாளிக்கு 2007ல் கீழ்க்கோர்ட் மரண தண்டனை கொடுத்தது, 2009ல் அலகாபாத் ஹைகோர்ட் அதை ஆயுளாகக் குறைத்தது, 2015ல் சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

அவரைப் பற்றி எப்போதும் ‘வீரர்’ என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. சாம்பிள் எடுப்பது, அடர்த்தி பார்ப்பது, சரியில்லை என்றால் சீல் வைப்பது, இது அவருடைய வேலைப் பட்டியல். வேலையைச் செய்ததற்கு வீரம் தேவைப்பட்டது என்றால் சுற்றியிருந்தவர்கள் பல வருஷம் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே கலப்பட டீசல் வாங்கியவர்களில் டிராக்டர் ஓட்டும் விவசாயிகள் இருந்திருப்பார்கள். மஞ்சுநாத் அவர்களைக் கூட்டலில் சேர்த்தார். (இன்றைக்கும் எந்தப் பங்க்கிலும் ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் கறை இல்லாமல் காய வேண்டும். நான் கேட்பேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.)

இப்போது என் கதை. உங்களுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

2014 மார்ச் 1 முதல் எங்களைப் போன்ற மருந்துக் கடைகளுக்கு எச்-1 பட்டியல் வந்தது. வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் எல்லாம் அதில் உண்டு. டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கண்டபடி விற்றால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் என்பதால் வந்த சட்டம். 2012ல் சென்னையில் மருத்துவர்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் அதைத்தான் வற்புறுத்தியது. 2015ல் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்துத் தெரு அக்கா வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல், கிளினிக் மூடிவிட்டது, போன மாதம் கொடுத்த செஃபிக்ஸிம் சிரப்பையே கொடு என்றார். குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். கொடுத்தேன். ரிஜிஸ்டரில் போன மாதச் சீட்டு எழுதிய டாக்டரின் பெயரையே எழுதினேன். குழந்தை தேறிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’தான் என்னைக் கெடுத்தது. அடுத்த முறை கை நடுங்கவில்லை. அதற்கடுத்த முறை அக்கா கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நியாயமாக நடந்து நடந்துதான் ஒருவன் நியாயமானவன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைப் பின்னால்தான் படித்தேன். அது மறுபக்கமாகவும் வேலை செய்யும் என்பதை என் கை முதலிலேயே கற்றுக்கொண்டிருந்தது. 2018ல் மூன்று வருஷம் முடிந்த ரிஜிஸ்டரைப் பரணில் போட எடுத்தேன். புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்து, ஒரே நீல மை. எந்த வரி சீட்டைப் பார்த்து எழுதியது, எந்த வரி நானாக எழுதியது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பத்துப் பதினொன்று இருக்கலாம். எது எது? பொய்யான வரிகளோடு உண்மையான வரிகளும் சேர்ந்து செத்துக் கிடந்தன. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஜெர்மானியர் கான்ட் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீ செய்வதை எல்லோரும் விதியாக வைத்துக்கொண்டால் உலகம் நிற்குமா என்று கேட்டுப் பார் என்பார். பார்க்காமல் ஓகே போடுவது விதியானால் ஓகே என்ற சொல்லே செல்லாக்காசு. பிறகு உங்கள் மேனேஜர் அந்தக் கையெழுத்தைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன? மற்ற ஊர்களில் யாரோ ஒழுங்காகப் பார்த்துப் போட்டதால்தான் உங்கள் கையெழுத்துக்கு விலை இருக்கிறது. கான்ட் ஒரு இடத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797ல் எழுதிவிட்டார். அந்த இடத்தில் நான் வள்ளுவர் கட்சி. ஆனால் தம்பி, உங்கள் வாசலில் கொலைகாரன் இல்லை. நிற்பது வெள்ளிக்கிழமை லாரி.

உங்களை மஞ்சுநாத் ஆகச் சொல்லவில்லை. ஊழலை வெளிப்படுத்துகிறவர்களைக் காக்க 2014ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் இயற்றியது. நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருக்கிறார்கள். அது அரசு ஊழியர்கள்மேல் வரும் புகார்களுக்கானது, உங்கள் யூனிட்டுக்குப் பொருந்தவும் பொருந்தாது. சம்பளத்துக்கு இருக்கிற ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் உடைத்துப் போடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேட்பது சின்ன விஷயம். பார்த்ததை எழுதுங்கள். ‘120ல் 30 சோதிக்கப்பட்டது, கசிவு இல்லை.’ இந்த வரியில் மேனேஜர்மேல் புகார் இல்லை, பொய்யும் இல்லை. வாங்குகிற கம்பெனி மாதிரிச் சோதனை போதும் என்று ஒப்புக்கொண்டால் சரக்கு அப்படியே போகட்டும். தெரிந்து ஒப்புக்கொள்வது அவர்கள் உரிமை. பார்க்காமல் போடும் சர்டிபிகேட் அந்த உரிமையைத்தான் எடுத்துக்கொண்டுவிடும். அவர்கள் ஒப்பவில்லை என்றால் மீதியையும் பார்த்துவிடுங்கள். மேனேஜரிடம் தனியாக, காலையில், மற்றவர்கள் வருமுன் பேசுங்கள். அம்மாவுக்கு அவர் செய்ததை முதலில் சொல்லி நன்றி சொல்லுங்கள். பிறகு, “சார், இதில் உங்கள் பெயரும் இருக்கிறது” என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன், அவருக்கும் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இருந்த எண்களைக் கடைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 90 வால்வு, ஒன்றுக்கு 8 நிமிஷம், 720 நிமிஷம். 12 மணி நேரம். ஒன்றரை ஷிஃப்ட். 22 குடும்பத்தின் சோறு என்று நீங்கள் எழுதிய இடத்தில் உண்மையில் இருப்பது இந்த ஒன்றரை ஷிஃப்ட்தான். ஹெல்ப்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு வியாழன் ராத்திரி ஓவர்டைம் பாருங்கள். லாரி சனிக்கிழமை மதியம் கிளம்பட்டும்.

முடித்ததும் எத்தனை கசிந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
மருந்துக் கடை, ஜோகுபாளையம்.