குழந்தையின் செவியும் மொழியும்: வீட்டில் ஆடும் சில விளையாட்டுகள்

“குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்க்கிறான், காது நன்றாகத்தான் கேட்கிறது. பேச்சு மட்டும் வரவில்லை.” இரண்டு வயதுக் குழந்தையுடன் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் இவ்வாறு கூறுகின்றனர். பரிசோதிக்கும்போது, சில குழந்தைகளுக்கு உரத்த ஒலி மட்டுமே கேட்பது தெரியவருகிறது. தாயின் பேச்சு அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டதேயில்லை. கேளாத சொல்லைக் குழந்தை எவ்வாறு பேசும்?

கருவில் ஏழாம் மாதத்திலேயே குழந்தை ஒலிக்கு அசைகிறது. பிறந்தவுடன் தாயின் குரலை அடையாளம் காண்கிறது. மொழி வேரூன்ற முதல் மூன்று ஆண்டுகள் மிக முக்கியமானவை. அக்காலத்தில் ஆடும் எளிய விளையாட்டுகள் செவியையும் மொழியையும் வளர்க்கின்றன. குறை இருப்பின் அதை உணர்த்தவும் செய்கின்றன.

முதல் 3 மாதங்கள்: குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் முகம் பார்த்துப் பேசுங்கள். குழந்தை “ங்ஙா” என்றால் நீங்களும் அவ்வாறே கூறிவிட்டு, அதன் மறுமொழிக்குச் சற்றுக் காத்திருங்கள். உரையாடலின் முதற்பாடம் இக்காத்திருப்பே.

4 முதல் 6 மாதங்கள்: கிலுகிலுப்பையைக் கண்ணில் படாதவாறு ஒரு பக்கமாக மெல்ல ஆட்டுங்கள். ஒலி வந்த பக்கம் தலையைத் திருப்பினால் அதைக் கையில் கொடுத்துக் கொஞ்சுங்கள். மறுபக்கமும் ஆட்டிப் பாருங்கள்.

7 முதல் 9 மாதங்கள்: முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு குழந்தையைப் பெயர் சொல்லி அழையுங்கள். அது “பாபா”, “தாத்தா” என்று அடுக்கி ஒலித்தால் நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.

10 முதல் 12 மாதங்கள்: உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறூட்டி விளையாடுங்கள். கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தினால், அடுத்து வருவதை எதிர்பார்த்துக் குழந்தை சிரிக்கும். “விளக்கு எங்கே?” எனக் கேட்டு, பார்வை செல்லும் திசையைக் கவனியுங்கள்.

கைப்பேசிப் பாடல்கள் இவற்றுக்கு ஈடாகா. அவை குழந்தையின் ஒலிக்கு மறுமொழி தருவதில்லை. ஒரு வயது நிறையும்வரை திரையே வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் அளித்த அறிவுரை.

எனினும், விளையாட்டு மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றன்று. கைதட்டும்போது எழும் காற்றசைவையோ நிழலையோ உணர்ந்தும் குழந்தை திரும்பக்கூடும். செவித்திறன் குன்றிய குழந்தையும் தொடக்க மாதங்களில் மழலை ஒலி எழுப்பும். ஆகவே பிறந்த 1 மாதத்திற்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்னும் வரிசையைப் பின்பற்றுதல் நன்று. குழந்தை உறங்கும்போதே செய்யப்படும் ஓ.ஏ.இ. பரிசோதனையால் வலி சிறிதும் இல்லை. குறைமாதத்தில் பிறந்தோ கடும் மஞ்சள் காமாலையாலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்குப் பெரா பரிசோதனையும் தேவை.

6 மாதத்தில் ஒலிக்குத் திரும்பாமை, 10 மாதத்தில் அடுக்கொலி இன்மை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் பேசாமை ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே வாருங்கள். “இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று காத்திருப்பதும், நாக்கில் வசம்பு தேய்ப்பதும் காலத்தையே வீணாக்கும். காதுக் கருவியோ, தேவையெனில் காக்ளியர் கருவியோ உரிய வயதில் பொருத்தினால் பெரும்பாலான குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்ள இயலும். தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் காக்ளியர் கருவி பொருத்த வழியுண்டு.

கருவி பொருத்திய பின்னரும் நாங்கள் பெற்றோருக்குக் கற்றுத்தருவது இதே கிலுகிலுப்பையையும் முந்தானை விளையாட்டையும்தான். இன்றே தொடங்குங்கள், ஐயம் எழுந்தால் தயங்காது எங்களிடம் அழைத்து வாருங்கள்.