நாமினி வேறு, வாரிசு வேறு

வீட்டில் ஒருவர் இறந்து காரியம் முடிந்ததும் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்குமான அலைச்சல் தொடங்கிவிடும். கூடவே ஆளுக்கொரு சட்டமும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் அடிக்கடி காதில் விழும் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவருக்கே பணம் சொந்தம்.

உண்மை: நாமினி பணத்தை வாங்கத் தகுதியுள்ளவர், அவ்வளவுதான். மற்ற வாரிசுகளின் பங்கை அவர் கொடுத்தாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010இல் வங்கிப் பணத்துக்கும், 2023இல் கம்பெனிப் பங்குகளுக்கும் இதையே சொன்னது.

நம்பிக்கை: தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் கைக்கு வந்தால் சொத்தும் வந்த மாதிரி.

உண்மை: விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின் கிடைக்கும் அந்தத் தாள், இறந்தவருக்கு யார் என்ன உறவு என்று காட்டும். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்காது. அதில் பெயர் விட்டுப்போனாலும் உரிமை போய்விடாது. உறவிலேயே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவு சொல்லும்.

நம்பிக்கை: கட்டிக்கொடுத்த மகளுக்கும் வயதான தாய்க்கும் பங்கில்லை.

உண்மை: 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சம பங்கு. தந்தைதான் இரண்டாம் வகுப்பு. இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் விதிகள் வேறு.

நம்பிக்கை: முதல் மனைவி இருக்கையில் செய்த இரண்டாம் கல்யாணம் செல்லாது, அதில் பிறந்த பிள்ளைக்கும் ஒன்றுமில்லை.

உண்மை: அந்த மனைவிக்கு வாரிசுரிமை கிடையாது, பிள்ளைக்கு உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அப்பிள்ளையைச் சட்டப்படியான பிள்ளையாகவே கொள்கிறது. ஆனால் பெற்றோரின் சொத்தில் மட்டுமே பங்கு. சித்தப்பா, பெரியப்பா சொத்தில் கேட்க முடியாது.

நம்பிக்கை: பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் உறவை நிரூபிக்க வழியில்லை.

உண்மை: பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு போன்றவற்றையும் நீதிமன்றம் எடைபோடும். குடும்பத்தை நெருங்கி அறிந்தவரின் சாட்சியத்துக்கும், தகராறு கிளம்புவதற்கு முன் எழுதப்பட்ட வம்சாவளிக்கும், கல்லறை வாசகத்துக்கும்கூடச் சாட்சியச் சட்டத்தில் இடமுண்டு.

நம்பிக்கை: ஒரு வாரிசை மறைத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

உண்மை: மறைக்கப்பட்டவரின் பங்கை விற்க மற்றவர்களுக்கு உரிமையே இல்லை. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், வாங்கியவரும் சேர்ந்து கோர்ட்டு ஏற வேண்டியதுதான்.