புறக்கடைக் கோழியும் வெள்ளைக் கழிச்சலும்

கிராமத்துக் குடும்பம் ஒன்றின் வரவு செலவைக் கணக்கிட முற்படுவோர் நிலம், கறவை மாடு, கூலி ஆகிய மூன்றையும் எழுதியதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். புறக்கடையில் மேயும் நான்கு பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் அக்கணக்கில் இடம் பெறுவதில்லை. ஆயினும் பள்ளிப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், திடீரென வந்த காய்ச்சலுக்கு மருந்து வாங்கவும், உறவினர் வந்தால் உபசரிக்கவும் குடும்பத் தலைவியின் கைக்கு உடனே உதவுவன அக்கோழிகளும் அவற்றின் முட்டைகளுமே. இராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு, மேல்விஷாரம், ஆம்பூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் ஆடவர் பலர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். கோழிகளைப் பேணுவோர் பெரும்பாலும் வீட்டிலுள்ள தாய்மார்களே. கோழி விற்ற பணம் அவர்களுடைய சொந்தப் பணம். ஆதலால் கோழிகள் மடிந்தால் முதலில் வெறுமையாவது அவர்களுடைய கை.

நாட்டுப் பெட்டைக் கோழி ஆண்டொன்றுக்கு மூன்று அல்லது நான்கு பருவங்களில் முட்டையிடும். பருவத்திற்குப் பத்து முதல் பதினைந்து முட்டைகள் கிடைக்கும். அடை வைத்தால் 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். அக்குஞ்சு வளர்ந்து பெட்டையாகித் தன் முதல் முட்டையை இட ஆறு மாதங்களுக்கு மேலாகும். ஆகவே ஒரு வீட்டின் கோழிகள் அனைத்தும் ஒரே வாரத்தில் மடிந்தால், மீண்டும் பழைய நிலையை அடைய ஏறக்குறைய ஓராண்டு செல்லும். இத்தகைய இழப்பை ஒரே வாரத்தில் விளைவிக்கும் நோய்தான் வெள்ளைக் கழிச்சல்.

நோயின் வரலாறு

இந்நோய் 1926ஆம் ஆண்டு ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டது. அதனால் மேல்நாட்டார் இதனை நியூகாசில் நோய் என்பர். அதற்கு அடுத்த ஆண்டில் நம் நாட்டில் குமாவோன் மலைப்பகுதியைச் சேர்ந்த இராணிக்கேத் என்னும் ஊரில் இது காணப்பட்டமையால், இந்தியாவில் இராணிக்கேத் நோய் என்ற பெயர் நிலைத்தது. இராணிக்கேத் வேறு, இராணிப்பேட்டை வேறு. முன்னது நோய்க்குப் பெயர் தந்த ஊர். பின்னது அந்நோயைத் தடுக்கும் மருந்து தயாராகும் ஊர்.

இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று உழவர்களை ஏழையாக்கி வந்தது வெக்கை நோய். அதனை எதிர்ப்பதே இந்நிலையத்தின் தொடக்க காலப் பெரும்பணியாக இருந்தது. ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்டதன் பயனாக, 2006ஆம் ஆண்டு இந்தியா வெக்கை நோயற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு உலகம் முழுவதிலுமிருந்தே அந்நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கால்நடை நோய் ஒன்று அடியோடு ஒழிந்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. மாட்டுக்குச் செய்ய முடிந்ததன் ஒரு பகுதியையேனும் கோழிக்குச் செய்ய நம்மால் இயலாதா என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

அறிகுறிகள்

நோய்க் கிருமி உடலிற் புகுந்த ஐந்தாறு நாட்களில் கோழி சோர்ந்து, இறக்கைகளைத் தொங்கவிட்டு, ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். இரை எடுக்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும். மூக்கிலும் வாயிலும் சளி ஒழுகும். கழிச்சல் வெண்மையாகவோ பச்சை கலந்தோ இருக்கும். முட்டையிடும் கோழி முட்டையை நிறுத்திவிடும். இட்டாலும் தோல் முட்டையாக இடும். சில கோழிகளுக்குக் கழுத்து ஒருபுறமாகத் திருகிக்கொள்ளும், கால்கள் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கோழிகளிடையே இது பரவினால் பத்தில் எட்டு, ஒன்பது மடிவதும், சில வேளைகளில் ஒன்றுகூட மிஞ்சாமற் போவதும் உண்டு.

கிருமி, நோயுற்ற கோழியின் எச்சத்திலும் சளியிலும் வெளிப்பட்டு, தண்ணீர்ச் சட்டி, கூடை, செருப்பு, கைகள் ஆகியவற்றின் வழியே பரவுகிறது. காற்றும் அதனைச் சுமக்கும். நோயுற்ற கோழிகளைத் தொட்டவர் கழுவாத கையால் கண்ணைத் தேய்த்தால் கண் சிவந்து எரிச்சல் தோன்றலாம். அது சில நாட்களில் நீங்கும். இருப்பினும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் நலம்.

இந்நோய் வந்தபின் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. கடையில் வாங்கும் மாத்திரை இக்கிருமியைக் கொல்லாது. மஞ்சள், மிளகு, சீரகம் முதலியவற்றை அரைத்து ஊட்டும் தாய்மாரின் அக்கறை போற்றத்தக்கதே. ஆயினும் அது தடுப்பூசிக்கு ஈடாகாது. வருமுன் காப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தடுப்பு மருந்து

குமாவோன் மலைப்பகுதியிலேயே உள்ள முக்தேசுவரம் ஆய்வு நிலையத்தில் 1940களில் நம் நாட்டு அறிஞர்கள் இந்நோய்க் கிருமியைக் கோழிக் கருமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தனர். வீரியம் குன்றிய அக்கிருமி, கோழியைக் கொல்லாமல் அதன் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கும். அதுவே ஆர்-டூ-பி என்னும் தடுப்பூசி. இன்றும் இம்மருந்து கருமுட்டைகளில் வளர்க்கப்பட்டு, உறைநிலையில் உலர்த்தப்பெற்று, சிறு குப்பிகளில் அடைக்கப்படுகிறது.

குஞ்சுகளுக்கு முதல் மருந்து பொரித்த ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். இது ஊசியன்று, எப் அல்லது லசோட்டா எனப்படும் மென்மையான மருந்தில் ஒரு சொட்டைக் கண்ணிலோ மூக்கிலோ விடுவது. எட்டு வாரம் நிறைந்தபின் ஆர்-டூ-பி ஊசி, அரை மில்லி அளவு, இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே போடப்படும். எட்டு வாரத்திற்குட்பட்ட குஞ்சுகளுக்கு இவ்வூசியைப் போடலாகாது. அதன் வீரியத்தை அவை தாங்கமாட்டா. ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிட்டதாக எண்ணுதலும் தவறு. எதிர்ப்பாற்றல் வளர ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஆகையால் பக்கத்து வீட்டுக் கோழி செத்தபின் ஊசியைத் தேடி ஓடுவதிற் பயன் குறைவு. நோயுற்ற கோழிக்கு ஊசி போடுதல் கூடாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்னர் குடற்புழு மருந்து கொடுத்தல் நன்று.

கோடைக்காலத்தில் நோய் மிகுதியாகப் பரவுவதால், அதற்கு முன்பாகவே தமிழ்நாடு அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரித் திங்களில் இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்திவருகிறது. ஊசி இலவசமாகப் போடப்படுகிறது.

ஒரு குப்பியும் ஒரு தெருவும்

ஊசி இலவசம், மருந்தோ நம் மாவட்டத்திலேயே தயாராகிறது. அங்ஙனமிருக்கப் பல வீடுகளில் கோழிகள் ஏன் இன்னும் மடிகின்றன? இதற்குரிய விடை குப்பியின் அளவிலேயே உள்ளது. ஒரு குப்பியில் நூறு, இருநூறு கோழிகளுக்கான மருந்து அடங்கியிருக்கிறது. அதனைக் கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். எஞ்சியதை மறுநாளைக்கு வைத்திருக்க இயலாது. ஆறு கோழிகளைக் கூடையிலிட்டு ஒரு தாய் மருந்தகத்திற்குச் சென்றால், அவ்வாறு கோழிகளுக்காக இருநூறு கோழிகளின் மருந்தைத் திறப்பது எளிதன்று. அவரும் மற்றொரு நாள் வரலாமென்று திரும்பிவிடுவார். அந்த மற்றொரு நாளுக்கு முன்பே நோய் வந்துவிடக்கூடும்.

பெரும் பண்ணையாளருக்கு இத்தொல்லை இல்லை. அவருடைய ஒரு கொட்டகையே பல குப்பிகளைக் காலி செய்யும். சிறு அளவில் வளர்ப்போருக்கோ, தெரு முழுவதும் ஒரு பண்ணையாக மாறினாலன்றி மருந்து எட்டாது. முப்பது வீடுகள், வீட்டிற்கு ஐந்தாறு கோழிகள் என்றால் ஒரு குப்பிக்கு வேண்டிய தொகை கிடைத்துவிடுகிறது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது இங்கு முற்றிலும் பொருந்தும்.

இதனை நடைமுறைப்படுத்த மகளிர் சுய உதவிக் குழுக்களே தகுந்தவை. குழுவில் ஒருவர் தெருவிலுள்ள கோழிகளை வயது வாரியாகக் குறித்துக்கொள்ளட்டும்: ஒரு வாரக் குஞ்சுகள் எத்தனை, எட்டு வாரம் கடந்தவை எத்தனை என்று இரண்டு கணக்குப் போதும். அக்கணக்கை முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் தந்து நாள் கேட்க வேண்டும். குறித்த நாளில் விடியற்காலையிற் கோழிகளைத் திறந்துவிடாமல் கூட்டிலோ பஞ்சாரத்திலோ வைத்திருக்க வேண்டும். வெயில் ஏறியபின் தெருவெங்கும் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தால், கரைத்த மருந்து அதற்குள் கெட்டுவிடும். மருந்தைப் பனிக்கட்டி இட்ட குடுவையிலேயே கொண்டுவருதல் வேண்டும். வெயிற் பட்ட மருந்து வெறும் தண்ணீருக்கு ஒப்பாகும். முகாமுக்குப் பின் பொரித்த குஞ்சுகளுக்காக ஆண்டில் மேலும் ஒன்றிரண்டு நாட்களை இவ்வாறே ஏற்பாடு செய்துகொள்ளலாம். குழுவினர் அடை வைக்கும் நாட்களை ஒத்துப்போகுமாறு அமைத்துக்கொண்டால் குஞ்சுகளும் ஏககாலத்தில் பொரித்து, மருந்து வீணாகாது.

புறக்கடைப் பாதுகாப்பு

ஊசியோடு வேறு சில பழக்கங்களும் தேவை. சந்தையில் வாங்கிய கோழியையோ, உறவினர் தந்த கோழியையோ உடனே மற்றவற்றுடன் விடாமல் இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்துப் பார்த்தல் வேண்டும். சமைப்பதற்காக அறுத்த கோழியின் இறகையும் குடலையும் தெருவில் எறிதல் கூடாது. நோயால் இறந்த கோழியை ஆற்றிலோ குப்பைமேட்டிலோ போடாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வீட்டில் ஒரு கோழி சோர்ந்ததும் எஞ்சியவற்றை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுசெல்வோர் உண்டு. இழப்பைக் குறைக்க அவர்கள் செய்வது இயல்பே. எனினும் அக்கூடையில் நோயும் உடன் செல்கிறது. அடுத்த ஊரில் மற்றொரு தாயின் கோழிகள் மடிகின்றன. அவ்வேளையில் மருந்தகத்திற்கோ, கால்நடை நடமாடும் ஊர்திக்குரிய 1962 என்னும் எண்ணிற்கோ தெரிவித்தலே முறை.

தோல் தொழில் நடைபெறும் நம் பகுதிக்குத் தனியே ஓர் எச்சரிக்கையும் உண்டு. குரோமியம் இட்டுப் பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் தூளும் சீவலும் மரத்தூள் போலத் தோன்றும். அதனைக் கூட்டில் பரப்புதலோ, இரையிற் கலத்தலோ கூடாது. குரோமியம் கோழியின் உடலிலும் முட்டையிலும் சேர்ந்து, பின்னர் உண்பவரை வந்தடையும். வங்காள தேசத்தில் தோற்கழிவைக் கோழித் தீவனமாக்குவதைத் தடுக்க 2011ஆம் ஆண்டு உயர்நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. கழிவுநீர் தேங்கிய குட்டைகளிற் கோழி நீர் அருந்தாதவாறு, வீட்டிலேயே காலையும் மாலையும் சட்டியில் நல்ல நீர் வைத்தல் நன்று. கூட்டிற்கு நெல் உமி அல்லது கடலைத் தோல் போதுமானது. இரைக்குக் கம்பு, குறுணை, தவிடு இவற்றோடு, பழைய முறைப்படி சாணமும் வைக்கோலும் இட்ட பானையைக் கவிழ்த்து வைத்துப் பெறும் கரையானும் குஞ்சுகளுக்குச் சிறந்த புரதம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு. எட்டு வாரம் நிறைந்தபின் இறக்கையடியில் ஊசி.

2. நலமுள்ள கோழிக்கே ஊசி. காப்பு வளர இரண்டு வாரம் வேண்டும்.

3. கரைத்த மருந்தை நிழலில், குளிர்ச்சியில் வைத்து, ஓரிரு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும்.

4. புதுக் கோழிக்கு இரண்டு வாரம் தனிக் கூடு.

5. இறந்த கோழிக்கு ஆழமான குழி. நோயுற்ற கோழிக்குச் சந்தை இல்லை.

6. தோற்சீவல் கூட்டிலும் வேண்டாம், இரையிலும் வேண்டாம்.

மருந்தைத் தயாரிப்பது நிலையத்தின் பணி. போடுவது மருத்துவரின் பணி. குப்பி திறக்கும் காலையில் தெருவிலுள்ள கோழிகள் யாவும் கூட்டில் இருக்குமாறு செய்வது மட்டும் நம் பணி. இவ்வாண்டு முகாம் வருமுன் தெருவின் கோழிக் கணக்கை எழுதத் தொடங்குவோமாக.