தெளிப்பு நீர் சமமாக விழுகிறதா?

ஜொகூரின் சிகாமட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் மிகுதி. நாற்றங்காலில் பைகளில் வளரும் கன்றுகளுக்கு, மழையில்லா நாள்களில் தெளிப்பான்களே துணை. ஆனால் எல்லாக் கன்றுகளுக்கும் ஒரே அளவு நீர் கிடைக்கிறதா?

இதை அளக்கும் முறையைக் கலிபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் 1942-இல் வெளியிட்டார். ஒரே அளவுள்ள டின்களைச் சம இடைவெளியில் வைத்து, தெளித்தபின் நீரின் உயரத்தை அளக்க வேண்டும். எட்டு டின்களில் 10, 8, 12, 10, 6, 14, 11, 9 மில்லிமீட்டர் எனக் கொள்வோம்.

கூட்டுத்தொகை 80; சராசரி 10. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் கூடியோ குறைந்தோ விலகும் அளவுகளின் கூட்டுத்தொகை 14. 80-இல் 14 என்பது 17.5 விழுக்காடு. அதை 100-இலிருந்து கழித்தால் சீர்மை 82.5 விழுக்காடு. மிகக் குறைவாகப் பெற்ற கால்பங்கின் (6, 8) சராசரியோ 7. அதாவது பொதுச் சராசரியில் 70 விழுக்காடு மட்டுமே.

தேவை 10 மில்லிமீட்டர் என்றால், சராசரி நம்மை ஏமாற்றிவிடும். ஓரிடத்தில் கன்று வாடும். அதற்காக நெடுநேரம் தெளித்தால், மற்றப் பைகளில் வழியும் நீர் உரத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

எனவே, நேரத்தைக் கூட்டுமுன் காரணத்தைத் தேடுவோம்: அடைபட்ட துளை, குறைந்த நீரழுத்தம், தெளிப்பான்களிடையே மிகுந்த இடைவெளி, வீசும் காற்று. காற்று அடங்கிய காலை வேளையே தெளிப்புக்கு ஏற்றது.