கயிறு இழுத்தும் கிளம்பாத எஞ்சின்: படகுத்துறை நம்பிக்கைகளும் உண்மைகளும்

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடற்கரையில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை ஃபைபர் படகுகள். அவற்றின் பின்பலகையில் மாட்டப்படும் இயந்திரத்தை அரசு ஆவணங்கள் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று குறிப்பிட, குப்பங்களில் அது வெறும் 'எஞ்சின்' என்றே வழங்குகிறது. இவற்றில் பல டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. அதாவது, பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் ஒரு முழுச் சுற்று வேலை முடிந்துவிடும். இத்தகைய எஞ்சின் கிளம்புவதற்கு ஆவியான எரிபொருள், அதை நெருக்கும் அழுத்தம், பற்றவைக்கும் பொறி ஆகிய மூன்றும் ஒரே நொடியில் கூடிவர வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே எனினும், விடியலில் வலை ஏற்றிய பிறகு எஞ்சின் மௌனம் சாதித்தால் இம்மூன்றில் எது குறைகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டுத் தோள்வலுவை நம்புவதே வழக்கமாக இருக்கிறது.

"விடாமல் இழுத்தால் எடுத்துவிடும்" என்பது அந்த வழக்கத்தின் முதல் நம்பிக்கை. சோக்கை இழுத்துவிட்ட நிலையில், அதாவது காற்றுவழியை அடைத்து எரிபொருளை மிகுதியாக்கும் தகட்டை மூடிய நிலையில், மீண்டும் மீண்டும் கயிற்றை இழுக்கும்போது சிலிண்டருக்குள் எரிபொருள் திரவமாகவே சேர்ந்து பிளக்கை நனைத்துவிடுகிறது. நனைந்த பிளக்கில் பொறி தாவாது. நான்கைந்து இழுப்புக்குள் எஞ்சின் இருமக்கூட இல்லை என்றால் அடுத்த இழுப்புக்குச் சோக்கைத் திறந்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, உள்ளே தேங்கியது வெளியேறும்வரை மெதுவாகச் சுழற்றுவதே பயன்தரும். அவசரநிறுத்த விசையின் சிவப்புக் கயிற்றுக் கொக்கி மாட்டப்பட்டிருக்கிறதா, எரிபொருள் கேன் மூடியின் காற்றுத்திருகு திறந்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் உள்ளதா என்ற மூன்றையும் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் மெக்கானிக் வந்தபின் அவரே முதலில் பார்ப்பவையும் இவைதாம் என்பதால், இந்த அரை நிமிடத்தைக் கௌரவக் குறைவாக எண்ணுவோர் கூலி கொடுத்தே அதைக் கற்கிறார்கள்.

இப்பகுதிக்கே உரிய நம்பிக்கை வேறொன்று: "நேற்று நன்றாக ஓடியது, இரவில் குளிர் பிடித்துவிட்டது." இதில் குளிரைப் பற்றிய பாதி சரி. பெட்ரோலைவிட மலிவு என்பதாலும், பதிவுபெற்ற படகுகளுக்கு அரசு மானிய விலையில் வழங்குவதாலும், இங்குள்ள எஞ்சின்களில் கணிசமானவை மண்ணெண்ணெயில், கரையோரப் பேச்சில் சொன்னால் கிருஷ்ணாயிலில், ஓடுகின்றன. ஒரு திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி, தீப்பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரளும் மிகக் குறைந்த வெப்பநிலை 'தீப்பற்று வெப்பநிலை' எனப்படும். பெட்ரோலுக்கு அது உறைநிலைக்கும் ஏறத்தாழ 40 பாகை கீழே இருக்க, மண்ணெண்ணெய்க்கோ 35 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கிறது. சென்னையின் மார்கழி விடியல் 20 பாகையை ஒட்டியதாகையால், குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளித்துளியாகவே நிற்கும். வட நாடுகளில் உறைபனிக் காலையில் பனிவண்டி கிளம்ப மறுப்பதும் பெட்ரோல் போதிய ஆவியாகாத இதே காரணத்தால்தான். யமஹா நிறுவனம் 1960இல் வெளிப்பொருத்து எஞ்சினையும் 1968இல் பனிவண்டியையும் சந்தைக்குக் கொண்டுவந்ததை நினைத்தால், எண்ணூர்த் தாழங்குப்பத்துக் கயிறும் கனடாவின் கயிறும் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

ஆகவேதான் மண்ணெண்ணெய் எஞ்சினுக்குச் சிறிய பெட்ரோல் கேன் ஒன்றும் இரண்டுக்கும் இடையே திருப்பும் குழாயும் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அனைவரும் செய்வதே. விடுபடுவது மறுமுனை. கரை நெருங்கும்போது, நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பினால்தான், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரின் சிறு கிண்ணத்தில் அடுத்த நாளுக்கான பெட்ரோல் தங்கும். மீனை இறக்கும் அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே அணைத்துவிட்டால், மறுநாள் கேனில் புதுப் பெட்ரோல் இருந்தும் கிண்ணத்தில் இருக்கும் பழைய மண்ணெண்ணெயே முதலில் உள்ளே போகிறது. காலையில் இரவுக் குளிரின் மீது சுமத்தப்படும் பழி முந்தைய நாள் கரையேறிய விதத்தின் மீது சுமத்தப்பட வேண்டியது. கிண்ணத்தின் அடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்தி அதைக் காலி செய்து, எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பந்தைக் கெட்டியாகும்வரை அமுக்கிப் பெட்ரோலை வரவழைத்தால் பெரும்பாலும் எஞ்சின் எடுத்துக்கொள்ளும்.

"பிளக்கில் நெருப்பு வருகிறது, ஆகவே கரண்டில் குறையில்லை" என்ற முடிவும் அவசரமானது. கழற்றிய பிளக்கை எஞ்சினின் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது வெளிக்காற்றில் நடக்கும் சோதனை. சிலிண்டருக்குள்ளோ காற்று பல மடங்கு நெருக்கப்பட்டிருக்கிறது. நெருக்கம் கூடக்கூடப் பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவைப்படும் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889இலேயே அளந்து வெளியிட்டார். வெளியே மஞ்சளாக, மெலிதாகத் தாவும் பொறி உள்ளே தாவாமலே போகலாம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மீது படிந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து மின்சாரத்தைப் பக்கவாட்டில் கசியவிடுவதும் உண்டு. நம்பிக்கை தரும் பொறி நீலமாக, 'டப்' என்ற ஒலியோடு வருவது. சிந்திய பெட்ரோலுக்கு அருகில் இச்சோதனையைச் செய்வது எப்படி முடியும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எஞ்சின் படுத்துவிட்டால் "பங்கில் தண்ணீர் கலந்துவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டு எழுவதும் இயல்பே. கேனின் அடியில் கலங்கலான ஒரு படலம் கண்ணுக்கே தெரியும். இன்று இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால், அதாவது பெரும்பாலும் கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் சாராயவகை, சேர்க்கப்படுகிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் ஓர் அளவைக் கடந்ததும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடுகின்றன, எஞ்சினின் உறிஞ்சுகுழாயோ அடியிலிருந்தே எடுக்கிறது. கிளப்புவதற்கு மட்டும் பயன்படும் பெட்ரோல் கேனில் அது வாரக்கணக்கில் கிடப்பதால், கடற்காற்றில் இந்தப் பிரிவு யாரும் கலக்காமலேயே நடந்துவிடக்கூடும். கலப்படமே கிடையாது என்று சான்றிதழ் கொடுப்பதல்ல இங்கே நோக்கம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிப் பார்த்த பின் சண்டைக்குப் போகலாம் என்பதே. இதே கேனில் எரிபொருளோடு கலக்கும் ஆயிலைத் தாராளமாக ஊற்றினால் எஞ்சின் நீடித்து உழைக்கும் என்பாரும் உளர். தயாரிப்பாளர் குறித்த அளவை மீறிய ஆயில் எரியாமல் கரியாகிப் பிளக்கை அடைக்கும், அவ்வளவே.

கடைசியாக, நீரில் மூழ்கிய எஞ்சின். மணல்திட்டு தூர்த்த முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் படகு கவிழ்வதுண்டு. அப்படி மூழ்கிய எஞ்சினை நாலு நாள் வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது, இங்குள்ள நம்பிக்கைகள் அனைத்திலும் அதிகச் செலவு வைப்பது. நீருக்குள் கிடக்கும்வரை மெதுவாக நடக்கும் துருப்பிடித்தல், உப்புநீரோடு காற்றும் சேரும் நொடியிலிருந்து விரைவடைகிறது. பேரிங்குகளுக்குள் உப்பு உலர்ந்தால் அவை மீள்வது அரிது. ஓடிக்கொண்டிருந்தபோதே மூழ்கியதானால் உள்ளே புகுந்த நீர் பிஸ்டன் தண்டை வளைத்திருக்கலாம் என்பதால், கயிறு தடங்கலோடு வந்தால் வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது. தடங்கல் இல்லையெனில், நல்ல தண்ணீரில் அலசி, பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகள் கீழ்நோக்கும்படி சாய்த்துக் கயிற்றை மெதுவாக இழுத்து நீரை வெளியேற்றி, ஆயில் விட்டு, அன்றைக்கே ஓடவிட வேண்டும். அன்றைக்கு மெக்கானிக் கிடைக்கவில்லை என்றால், அவர் வரும்வரை எஞ்சினை நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் மறுபடி மூழ்கடித்து வைத்திருப்பதே சரி.